கயாவில் விட்ட பழம்

தனக்கோடி பெங்களூர் ஒக்கலிபுரத்தில் இருபது வருஷமாக ஜாக்கெட் தைத்துப் பிழைத்தவர். சொன்ன நாளைக்குத் துணியைக் கொடுத்துவிடுவார். அந்த வாக்குச் சுத்தம்தான் இப்போது அவர் மனைவி மரகதத்தைப் பயமுறுத்தியது.

மூன்று வருஷத்துக்கு முன், 2006இல், இரண்டு பேரும் காசி, கயா போனார்கள். தகப்பனாருக்குப் பிண்டம் வைத்து முடித்ததும், பிடித்த பழம் ஒன்றை ஆயுசுக்கும் விட்டுவிடச் சொன்னார் சாஸ்திரி. தனக்கோடிக்குப் பலாப்பழம் என்றால் உயிர். வாயைத் திறக்கப் போனவரின் காதில் மரகதம், "கிவின்னு சொல்லுங்க. நாம எங்க அதத் தின்னப் போறோம்?" என்றாள். மெஜஸ்டிக் பழக்கடையில் பார்த்திருந்தாள். சப்போட்டாவுக்குத் தாடி முளைத்த மாதிரி இருந்தது. அவரும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

இந்த ஆனியில் அவருக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் ரத்தத்தின் பிளேட்லெட் கணக்கு தினமும் இறங்கியது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அது ஏறக் கிவி கொடுக்கச் சொன்னார்கள். மகள் சிந்து வாங்கிவந்து நறுக்கினாள். உள்ளே பச்சைப் பசேல்.

தனக்கோடி வாயை இறுக்கிக்கொண்டார்.

"மருந்துன்னு நெனச்சுக்கோப்பா. சாமி கோச்சுக்காது."

"எங்கப்பன் பேரச் சொல்லி விட்டதும்மா. எடுத்துட்டுப் போ."

மரகதம் டாக்டரிடம் ஓடினாள். "பழத்த நம்பிட்டு இருக்காதீங்கம்மா. தண்ணி, கஞ்சி நெறைய குடுங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்றார். அவள் மனசு ஆறவில்லை. ஏமாற்றியது அவள், படுத்திருப்பது அவர்.

கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சாமிய ஏய்ச்சது நான்தானே. இன்னையிலருந்து பலாப்பழத்த நான் விட்டேங்க. எனக்கும் அதுதானே உசுரு. இப்பவாச்சும் ஒரு துண்டு சாப்பிடுங்க."

காய்ந்த உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. "நீ விட்டது உன்னோட. நான் விட்டது என்னோட. கஞ்சியக் குடு."

பழத்தட்டு பக்கத்துக் கட்டிலில் இருந்த பையன் நோயலுக்குப் போயிற்று. ஒரு துண்டைக் கடித்ததும் முகத்தைச் சுளித்தான். "புளிக்குதேக்கா! இதுக்கா இவ்ளோ சண்ட?"

அப்புறமும் இரண்டு நாள் பிளேட்லெட் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. ஸ்பூனுக்கு ஒரு முருகா சொல்லி ஊட்டினாள். மூன்றாம் நாள் இறங்கவில்லை; ஏறவும் இல்லை.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு நடந்தாள். தெருமுனையில் பலாச்சுளை வண்டி. வாசனை ஆளைத் தூக்கியது.

"என்னக்கா, ஸ்வல்ப ருசி பாருங்க. ஜேனு, சுத்தத் தேன் மாதிரி இருக்கு" என்றான் வண்டிக்காரன்.

"வேணாம்பா, விட்டுட்டேன்" என்றாள். சொல்லும்போதே நாக்கில் எச்சில் ஊறியது. சாமி அதையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று நடந்தாள்.