நாவுலையில் ஒரு போலந்துப் படையல்

காலை ஏழு மணிக்கு மாத்தளையில் தம்புள்ளை பஸ் ஏறினோம், நானும் என் மனைவி ஏவாவும். அவள் போலந்துக்காரி. நாவுலைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். டிக்கட் ஆளுக்கு நூற்று முப்பது ரூபாய். என் மடியில் உருளைக்கிழங்கும் கோதுமை மாவும்.

ஏவாவின் அம்மா இறந்து அன்றோடு ஒரு வருடம். விமான டிக்கட் கிடைப்பதற்குள் போலந்தில் அடக்கம் முடிந்துவிட்டது. அம்மா செய்யும் பியெரோகியை அந்த நாளில் செய்து சாப்பிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். புளித்த பாலைத் திரித்து எடுத்த கட்டியை உருளைக்கிழங்கோடு பிசைந்து, மாவுக்குள் வைத்து மடித்து வேகவைப்பது. மாத்தளைக்கு வந்தபின் பல தடவை செய்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும், "அம்மாவோடது மாதிரி இல்ல" என்று தட்டைத் தள்ளுவாள். பழி கடைச் சீஸ் மேல் விழும். கண்டியில் ஒரு ஹோட்டலில் 'அசல் போலந்து உணவு' என்று எழுதிவைத்து, டின் சீஸ் அடைத்த மாவுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் பிடுங்கினார்கள். அங்கேயே சண்டை போட்டேன். அதில் யாருக்கு வயிறு நிறைந்தது?

நாவுலையில் என் பெரியப்பா மகள் செல்வி அக்காவின் மாடு கன்று போட்டிருந்தது. பாலைக் காய்ச்சாமல் இரண்டு நாள் புளிக்கவிடுங்கள் என்று போனில் சொல்லியிருந்தேன்.

அலுவிகாரை தாண்டியும் நின்றுகொண்டே போனோம். பலாபத்வலயில் ஆட்கள் இறங்கியதும் கண்டக்டர் ஏவாவுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்.

"மிஸ் எங்க, சிகிரியாவுக்கா?"

"நாவுலைக்கு. பால் வாங்க," என்றாள் ஏவா தமிழில்.

"ஏன் மிஸ், மாத்தளை மாடெல்லாம் ஸ்ட்ரைக்கா?"

பஸ்ஸே சிரித்தது, ஏவாவும்தான். எனக்கு எரிச்சல்.

எட்டேகாலுக்கு அக்கா வீட்டில் சட்டியைத் திறந்தால், உள்ளே கெட்டித் தயிர்.

"காய்ச்சாதீங்கன்னு சொன்னேன்ல?"

"நீ சொல்லுவ. பச்சப் பால வீட்டுக்குள்ள வச்சுக் கெட விடுவாங்களா? மாட்டுக்கு ஆகாதுடா. காய்ச்சி ஒற ஊத்திட்டேன்."

"நாசமாப் போச்சு! இன்னிக்கு இவ அம்மா செத்த நாள், அக்கா!"

அக்கா என்னை முறைத்தார். "தெவசமா? அட மடையா, அத போன்ல சொல்ல வாய் வலிச்சுச்சா?" பிறகு ஏவாவின் தோளைத் தொட்டார். "போய்க் குளிச்சிட்டு வாம்மா. இங்கேயே செஞ்சு படைப்போம்."

ஏவா தயிரை முகர்ந்து பார்த்தாள். புளிப்பு போதும் என்றாள். இளஞ்சூட்டில் வைத்ததும் திரிந்தது. அக்கா வெள்ளைத் துணியில் வடிகட்டித் தொங்கவிட்டார். நீர் முழுக்க இறங்க மதியமாகிவிட்டது. கிழங்கோடு பிசைந்து, உப்புப் பார்க்க ஏவா கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனாள். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, படைக்க முந்தி ருசி பாக்கக் கூடாதும்மா. மொதல்ல அவங்க சாப்பிடணும்."

"அப்ப உப்பு சரியான்னு எப்படித் தெரியும்?" என்று நான் கத்தினேன்.

"கண்ணளவுதான். நீ வெளிய போ."

ஏவா மேலே உப்புப் போடாமல் கரண்டியை வைத்துவிட்டாள்.

மடித்து வைத்ததைப் பார்த்து, "இது நம்ம சோமாசிதானே, எண்ணெய்ல போடாம தண்ணியில போடுறாங்களே" என்று அக்கா சிரித்தார். வாழையிலையில் ஐந்து பியெரோகி, பக்கத்தில் போனில் அம்மாவின் படம். அக்கா சூடம் ஏற்றினார். "சம்பந்தியம்மா, வந்து சாப்பிடுங்க. எங்க பேச்சு வெளங்காட்டியும் பரவாயில்ல, சாப்பாடு உங்க ஊரு."

பிறகு நாங்கள் உட்கார்ந்தோம். ஒரு வாய் வைத்தேன். உப்பே இல்லை. அக்காவைத் திட்ட வாயைத் திறந்தபோது ஏவாவின் முகத்தைப் பார்த்தேன்.

"இதுதான்," என்றாள். "அப்பாவுக்குப் பிரஷர். அம்மா எல்லாருக்கும் சேத்து உப்பக் கொறச்சிட்டாங்க. நான்தான் ஒவ்வொரு தடவையும் ருசி பாத்து உப்புப் போட்டேன்."

அழுதுகொண்டே இன்னொன்று எடுத்தாள். அதற்குப் பிறகும் ஒன்று. அக்கா பரிமாறிக்கொண்டிருந்தார்.

நாலு மணி பஸ்ஸில் ஏவா என் தோளில் தூங்கிவிட்டாள். சீஸையும் கடைக்காரனையும் கண்டி ஹோட்டலையும் இத்தனை நாள் திட்டியிருக்கிறேன். போன காரியம் நான் கேட்டபடி ஒன்றுமே நடக்காததால்தான் நடந்தது. எனக்கு நன்றி சொல்ல வராது. பஸ் ஏறும்போதும் அக்காவிடம், "உப்பு கம்மி" என்றுதான் சொன்னேன். சொல்லாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன்: நன்றி அக்கா.