கிட்டங்கிக்கு இரண்டாவது படி

போடியில் ஏலக்காய் மூட்டை அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கியைக் குத்தகைக்கு எடுத்து, மலைக்குப் போகிறவர்கள் தங்கும் விடுதியாக மாற்றப் போகிறேன் என்றதும் தெருவே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும். இருபது வருடம் மெஸ் நடத்தி ஜீப் டிரைவர்களுக்குச் சோறு போட்டவளுக்கு நாலு பேருக்குப் படுக்கை போடத் தெரியாதா?

சிரிக்காமல் வந்தவர் தீயணைப்பு அதிகாரி ஒருவர்தான். நான் கடைவீதிக்குப் போய்விட்டுத் திரும்பியபோது கிட்டங்கி வாசலில் நின்றிருந்தார். இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். மேலே ஆசாரிகள் இரண்டு பேர் மரம் இழைத்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள ஆளு இருக்கும்போதா பூட்டிட்டுப் போனீங்க?"

"சாமான் கெடக்குல்ல சார்."

அவர் மாடிக்கு ஏறிச் சுற்றிப் பார்த்தார். எல்லா ஜன்னலிலும் கட்டைவிரல் கனத்துக்குக் கம்பி. ஏற இறங்க ஒரே மரப்படி. கீழே ஒரே கதவு. சரக்கு களவு போகக் கூடாதென்று கட்டிய கட்டடம் வேறு எப்படி இருக்கும்?

"பின்சுவரை உடைச்சு வெளிப்பக்கமா இரும்புப் படி வைக்கணும்மா. கம்பியை எடுக்கணும். அதுவரைக்கும் சான்று கிடையாது."

"அஞ்சு ரூமுக்கு எதுக்கு சார் ரெண்டு படி?" என்று மல்லுக்கு நின்றேன். படி வந்தால் மலையைப் பார்த்திருக்கும் பின்அறை போய்விடும்; அதை நம்பித்தான் நான் விடுதியே நடத்த நினைத்திருந்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "கீழ தீப்பிடிச்சா மேல இருக்கவங்க எப்படி வெளிய வருவாங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். தெரிந்ததால்தான் வாயை மூடிக்கொண்டேன்.

சுவரை உடைக்கக் கட்டடத்துக்காரர் சம்மதம் வேண்டும். அவர் பழைய முதலாளியின் மகன். மறுநாள் ஆள் அனுப்பியதும் வந்துவிட்டார்.

"எங்கப்பா கட்டுன சுவரு ஆத்தா. கை வைக்க விட மாட்டேன். பிளான்ல படி இருக்கிற மாதிரி வரைஞ்சு குடு. தெரிஞ்ச ஆளை வச்சு வெரசா முடிச்சுத் தர்றேன். இத்தனை வருசத்துல இங்க என்னைக்காவது தீப்பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்குண்ணே."

அவருக்குத் தெரியாது. அப்போது மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். மெஸ் வைப்பதற்கு முன்னால் நான் இதே மாடியில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நாங்கள் வேலைக்கு உட்கார்ந்ததும் கணக்குப்பிள்ளை கதவை வெளியே பூட்டிக்கொண்டு ஏலத்துக்குப் போய்விடுவார். ஒரு காய்கூட வெளியே போய்விடக் கூடாதாம். ஒருநாள் மத்தியானம் கீழே அடுக்கியிருந்த சாக்கு புகைந்தது. யார் போட்ட பீடியோ. கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்தினோம். லோடு ஏற்ற வந்தவர்கள் பூட்டை உடைத்து எங்களை இறக்கினார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வாசலில் முதலாளி நின்றிருந்தார். இருமி இருமி வந்த ஒவ்வொருத்தியையும் நிறுத்தி மடியை உதறச் சொன்னார். நானும் உதறினேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. ஊரில் எத்தனையோ கட்டடம் இருந்தும் இதையே கேட்டு எடுத்தேன் என்றால் அந்த ஆத்திரத்தில்தான்.

சொல்லி முடித்தபோது அவர் முகம் சிவந்துவிட்டது.

"எங்கப்பா அப்படிப்பட்டவரு கெடையாது."

"நானும் அப்படிப்பட்டவ இல்லேன்னுதான் நெனச்சிருந்தேன்ணே. நேத்து ரெண்டு ஆசாரிமார உள்ள வச்சுப் பூட்டிட்டுக் காய்கறி வாங்கப் போயிருக்கேன்."

அதோடு நான் விடுவதாக இல்லை.

"உடைக்க விடுங்க. இல்லேன்னா குத்தகையை இன்னைக்கே முறிச்சுக்கங்க. பேப்பர்ல இருக்கிற படியை நம்பி ஒருத்தரையும் மேல தூங்க வைக்க மாட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். கம்பியை ஒரு கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை.

"உடைச்சுக்க," என்றார், திரும்பிப் பார்க்காமல்.

கொத்தனார் வரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. கடப்பாரையை எடுத்துப் பின்சுவரில் முதல் குத்தை நானே குத்தினேன். காரை மட்டும் கொஞ்சம் உதிர்ந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடியும் குத்தினேன்.