டச்சுக் கப்பலில் ஏறிய இரண்டு சகோதரர்கள்

எங்கள் வாப்பா பிளெய்ன்ஸ்பரோவில் மவுத்தாகி இந்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. பள்ளிவாசலில் பின்வரிசை நாற்காலியில் அமர்ந்து தொழுதுவிட்டு, யாரிடமும் பேசாமல் எழுந்துபோகும் பெரியவராகத்தான் உங்களில் பலருக்கு அவர்களைத் தெரியும். ஏன் அப்படி இருந்தார்கள் என்பதை எழுதும்படி என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

வாப்பா பிறந்தது நாகூரில். உலகப் போரின்போது, பதினெட்டு வயதில், தம் மூத்த சகோதரரான நானாவுடன் பம்பாய் போய் ஒரு டச்சுப் பயணிக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார்கள். எங்கள் பெரியவாப்பாவான அந்த நானாவுக்கு என்ஜின் அறையில் வேலை. வாப்பாவுக்கு ரொட்டி சுடும் வேலை. ஹாலந்து ஜெர்மானியர் கையில் விழுந்துவிட்டதால், ஊர் திரும்ப முடியாத அந்த நாட்டுக் கப்பல்கள் நேச நாடுகளின் படைகளை ஏற்றிச் சென்றன. வெள்ளை வண்ணத்தின் மேல் சாம்பல் நிறம் பூசி, நடன மண்டபத்தில் மூன்றடுக்குப் படுக்கைகள் போட்டிருந்தார்களாம்.

மத்தியதரைக் கடலில், பகல் சாப்பாடு முடிந்த நேரத்தில் டார்பிடோ தாக்கியது. வாப்பா படகில் ஏறித் தப்பினார்கள். பெரியவாப்பா மேலே வரவேயில்லை.

போருக்குப் பிறகும் வாப்பா இன்னொரு டச்சுக் கப்பலுக்கே போனார்கள். வேறு தொழில் தெரியாது. இந்தோனேசியாவை விட்டுப் புறப்பட்ட டச்சுக் குடும்பங்களை ஹாலந்துக்கும், பிறகு ஹாலந்தில் பிழைக்க வழியில்லாதவர்களை ஆஸ்திரேலியாவுக்கும் கொண்டுபோன கப்பல் அது. மக்கள் விமானத்துக்கு மாறியதும் அதை உடைக்க விற்றுவிட்டார்கள். வாப்பா ஊரில் பேக்கரி வைத்து எங்கள் மூவரையும் படிக்க வைத்தார்கள். உம்மா மறைந்தபின், இரட்டைக் கோபுரங்கள் விழுந்த மறு வருடம், அமெரிக்காவுக்கு என்னிடம் வந்தார்கள்.

டார்பிடோ தாக்கிய அந்த முதல் கப்பலில் இறந்தவர்களின் பட்டியல் ஹாலந்தில் இருப்பதாக இன்டர்நெட்டில் பார்த்து, ஈமெயில் அனுப்பினேன். பதில் வந்ததும் வாப்பாவிடம் சொன்னேன்.

“டச்சுக்காரங்க பேரு எல்லாம் இருக்கு வாப்பா. நம்ம ஆளுங்க எத்தனை பேருன்னு மட்டும்தான் போட்டிருக்கு. ப்ரூஃப் அனுப்பினா பேரை ஆட் பண்றாங்களாம்.”

“ப்ரூஃபுக்கு எங்கே போறது? கப்பல்ல வேலை பார்த்ததுக்கான அவர் புக்கு அவரோடவே போயிடுச்சு.”

வாப்பாவே மேலும் சொன்னார்கள்: “ஊருக்குத் திரும்பினதும், நானாவைக் கூப்பிட்டியாடான்னு எங்க உம்மா கேட்டாங்க. கூப்பிட்டேன், அந்தச் சத்தத்துல கேக்கலைன்னு சொன்னேன். நான் கூப்பிடலை புள்ள. என்ஜின் ரூம் படி பக்கத்துலதான் இருந்துச்சு. திரும்பிக்கூடப் பார்க்காம ஓடிட்டேன்.”

“உங்களுக்குப் பதினெட்டு வயசு வாப்பா.”

“அவருக்கு இருபத்திரண்டு.”

பிறகு, “நான் போனப்புறம் இதை எழுதிடு. அவருக்கும் சேர்த்து அல்லாகிட்ட துஆ கேக்கச் சொல்லு எல்லாரையும்” என்றார்கள்.

கடைசி வாரம், மூச்சுத் திணறலுக்கு நடுவே “நானா, நானா” என்று கூப்பிட்டபடியே இருந்தார்கள். ஏதோ கேட்கிறார் என்று நினைத்த நர்ஸ் தண்ணீரை நீட்டினார். வாப்பா அதை வாங்கவில்லை.

உறைபனியில் குழி தோண்டிய சகோதரர்களுக்கும், குளிப்பாட்டி கஃபன் துணி இட்டவர்களுக்கும், பத்து நாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரிய விடாமல் சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து அபார்ட்மென்ட் ஆன்ட்டிக்கும் நாங்கள் என்றும் நன்றியுடையவர்கள்.

எங்கள் பெரியவாப்பாவின் பெயர் செய்யது மீரான். அந்தப் பெயர் அச்சில் வருவது இதுவே முதல் முறை. வாப்பாவுக்காகக் கையேந்தும்போது அவரையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.