வானக்கப்பலும் மற்ற வள்ளமும்

வேலையை விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி நடந்துகொண்டிருந்தேன். பனிக்காலம் முழுவதும் மேலே ஒரு விடுதியின் சமையலறையில் சட்டி கழுவியிருந்தேன். முதலாளியோடு சண்டை ஒன்றுமில்லை. ஓரிடத்தில் அதிக நாள் நின்றால் எனக்குக் கால் அரிக்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்திலும் அதுதான் நடந்தது. முதுகுப் பையில் இரண்டு சட்டையும் ஒரு சோடி வேலைச் சப்பாத்தும் இருந்தன. கீழே போடன்சே ஏரி சாம்பல் நிறத்தில் கிடந்தது. கரைக்கு இறங்கினால் ஏதாவது வேலை இருக்கும் என்று நினைத்தேன்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. வண்டின் ரீங்காரத்தைவிடக் கனமானது, உழவு இயந்திரத்தைவிட மெல்லியது. என்னவென்று யோசிப்பதற்குள் என் கால்கள் பாதையை விட்டு விலகி, என்னை ஓர் அப்பிள் மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டன. தலைக்கு மேலே, நீண்ட பலூன்போன்ற வெள்ளை வானக்கப்பல் ஒன்று மெதுவாகப் போனது. ஜெர்மன் கரையிலிருந்து உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வருவது அது. சன்னலில் யாரோ கையசைத்தார்கள்.

நான் போரைப் பார்த்தவன் அல்ல. கைக்குழந்தையாக இலங்கையிலிருந்து சுவிஸுக்கு வந்தவன். அந்தச் சத்தத்துக்கு ஒளிந்துகொள்ள எனக்குக் கற்றுத்தந்தவர் மாமா. அதுவும் ஒரே ஒரு காலையில்.

அப்போது அம்மாவும் நானும் இதே ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அப்பா இல்லை. இறந்துவிட்டார் என்றும் யாரும் சொன்னதில்லை. நான் பிறப்பதற்கு முன், அப்பாவும் அம்மாவின் தம்பியான மாமாவும் இந்தியாவுக்குத் தப்பிப்போகக் கடற்கரைக்குப் போனார்கள். இரண்டு வள்ளங்கள் புறப்பட்டன. மாமா ஏறிய வள்ளத்தை, மேலே ஹெலிகொப்டர் சுற்ற, இலங்கை நேவி சுட்டுக் கவிழ்த்தது. தண்ணீரில் கிடந்த மாமாவை இந்திய மீனவர்கள் தூக்கி எடுத்தார்கள். அப்பா மற்ற வள்ளத்தில் ஏறியவர். அதற்கு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. இவ்வளவும் மாமா சொன்னது. மற்ற வள்ளத்தில் போனவர் என்று ஒருவரைக்கூட அம்மா அதற்குப் பிறகு சந்தித்ததில்லை. ஆனாலும் பொட்டும் தாலியுமாகவே இருந்தார். நானோ, அந்த வள்ளம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்திருந்தேன். கடல் பெரியது, நேரம் எடுக்கும்தானே.

அம்மா ஒரு வயதான மனுசியின் வீட்டைத் துப்புரவாக்கப் போவார். அம்மாவின் ஜெர்மன் மொழி ‘வாளி’, ‘துணி’, ‘முடிந்தது’ என்ற அளவோடு நின்றுவிட்டதால், பள்ளி விடுமுறைகளில் மொழிபெயர்க்க நானும் போவேன். மனுசி அமெரிக்காவில் ஒரு கடற்கரை ஊரில் பிறந்து, சுவிஸ்காரர் ஒருவரை மணந்து இங்கே வந்தவர். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வானம் தெளிவான நாட்களில் பின்னேரம் வானக்கப்பல் வரும். சத்தம் கேட்டதும் மனுசி செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு எழுந்து, பல்கனிக் கதவை அகலத் திறப்பார். கப்பல் கடந்து போன பிறகும் உடனே சாத்தமாட்டார். வந்தவர் சப்பாத்தைக் கழற்றி உள்ளே வரட்டும் என்பதுபோலக் காத்திருந்துதான் சாத்துவார். பிறகு மேசையில் இரண்டு கப்புகளில் கோப்பி ஊற்றுவார். ஒன்றை அவர் குடிப்பார். மற்றது ஆறிப்போகும். அந்த வேளைகளில் நான் அந்த வெறுங்கதிரைக்கு முதுகைக் காட்டி உட்காரமாட்டேன்.

“ஒருத்தரும் குடிக்காத கப்பை நான் ஏன் கழுவவேணும்?” என்றார் அம்மா ஒருநாள். “ஆருக்கு ஊத்திறா எண்டு கேள்.”

கேட்டேன். மனுசி சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

“தமையனுக்காம். தமையன் நேவியாம் அம்மா.”

கண்ணாடி துடைத்த கை நின்றது. “என்ன நேவி?”

“அமெரிக்க நேவி.”

“அப்ப சரி” என்று அம்மா மறுபடி துடைத்தார். எந்த நேவியானால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

உலகப்போர்க் காலத்தில் அந்தத் தமையன் வானக்கப்பலில் ரோந்து போனவர். தண்ணீருக்கடியில் ஒளிந்து வரும் எதிரிக் கப்பல்களை மேலிருந்து தேடுவது வேலை. அவர் வீட்டுக்கு மேலால் போகும் நாட்களில் சிறுமியாக இருந்த மனுசி கதவைத் திறந்து கையசைப்பாராம். ஒரு காலை பனிப்புகாருக்குள் போன வானக்கப்பல் திரும்பவில்லை. அதிலிருந்து கடைசியாக வந்த செய்தி, கரையில் வானிலை எப்படி என்ற கேள்வி. பதில் சொன்னார்கள். அதைக் கேட்க அங்கே ஆள் இருந்ததோ தெரியாது. தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது அசையாத கடல், கட்டில் விரிப்பின் அளவில் மிதந்த வெள்ளித் துணி, அதைப் பிடித்தபடி உயிரோடு ஒரே ஒரு மனிதன். அது தமையன் இல்லை.

அந்த மனிதன் பிறகு ஒருநாள் இவர்கள் வீட்டுக்கு வந்தானாம். தாய் அவனுக்குச் சாப்பாடு போட்டாள். சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடியே சாப்பிட்டான். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். அதற்குப் பிறகு, சாகும்வரை, தாய் மகனுக்கும் சேர்த்துத்தான் கோப்பை வைத்தாள்.

“ஏன் கேக்கேல்லையாம்?” என்றார் அம்மா.

மனுசி ஆறிப்போன கப்பை அம்மாவிடம் நீட்டினார். “கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும்” என்றார். நான் அப்படியே தமிழில் சொன்னேன். அம்மா அந்தக் கப்பைக் கழுவி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

அந்த ஆடி மாதம் மாமா லீவில் வந்தார். லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. சுவிஸில் விளைந்த உருளைக்கிழங்கில் பாதியைத் தானே உரித்ததாகச் சொல்வார். என்னைக் கண்டால் தோளில் குத்தி, “என்ன மருமோன், மீசை எங்க? வாற வழியில விழுத்திப்போட்டியோ?” என்பார். ஆனால் ஆடி அமாவாசை நெருங்கினால் மாமாவின் பகிடிகள் குறைந்துவிடும். தகப்பன் இல்லாத பிள்ளைகள் விரதமிருந்து, தகப்பனுக்காக எள்ளும் தண்ணீரும் இறைக்கும் நாள் அது. நான் விரதமிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் மாமா ஒற்றைக்காலில் நிற்பார். ஒவ்வொரு வருடமும் அம்மா மறுப்பார்.

“உயிரோட இருக்கிற மனுசனுக்கு எள்ளுத் தண்ணி விடுறதோ? உனக்கென்ன விசரே?”

“செய்தால் என்ன அக்கா, குறைஞ்சா போவம்?”

“அத்தான் வந்து கேட்டால் நீ மறுமொழி சொல்லுறியோ?”

மாமா எழுந்து பல்கனிக்குப் போய்விட்டார்.

அமாவாசையன்று காலை, வாத்துக்குத் தீன் போடலாம் வா என்று மாமா என்னைக் கூட்டிப்போனார். குறுக்குப் பாதையில் ஏரிக்கு வந்தோம். தண்ணீரின் மேல் மட்டும் பனிப்புகார் படுத்திருந்தது. மாமா முழங்கால் அளவு தண்ணீரில் என்னை இறக்கி, தயிர்க் கப்புக்குள்ளிருந்த எள்ளை என் கையில் கொட்டி, தண்ணீர் ஊற்றினார். “அப்பாவை நினைச்சுக்கொண்டு விடு” என்றார். படத்தில் பார்த்த முகத்தை நினைத்து விட்டேன். உண்மையாகவே ஒரு வாத்து வந்து எள்ளைக் கொத்தியது. எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா சிரிக்கவில்லை.

வழக்கமாகப் பின்னேரம் வரும் வானக்கப்பல் அன்று காலையிலேயே வந்தது. முதலில் சத்தம்தான். எந்தப் பக்கமென்று தெரியவில்லை. ஏரியே முனகுவதுபோல இருந்தது. பிறகு புகாரின் மேல் ஒரு நீண்ட நிழல், கரையைப் பார்த்து வந்தது. வாத்து காணாமல் போனது. மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அது எனக்குத் தெரிந்த முகமாக இல்லை.

“அத்தான், குதியுங்கோ! மேல நிக்கிறான், குதியுங்கோ!”

என் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாமா தண்ணீருக்குள் விழுந்தார். கண்ணைத் திறந்தபோது பச்சை இருட்டும், மாமாவின் வாயிலிருந்து போகும் குமிழிகளும் தெரிந்தன. தலைக்கு மேல் நிழல் போய் முடியவில்லை. பிறகு கரையில் கிடந்து இருமினோம். மாமா என் முதுகைத் தட்டியபடி, “ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்னிடம் சொன்னதுபோல இல்லை. மரங்களுக்கடியால், வெளிச்சத்துக்கு வராமல், வீட்டுக்குப் போனோம்.

“வழுக்கிப்போட்டுது அக்கா” என்றார் மாமா, வாசலில் நீர் சொட்ட நின்றபடி.

“வளந்த ஆம்பிளை. வாத்துக்குத் தீன் போடத் தெரியாதோ?”

மாமா வீணாகப் பேச்சு வாங்குகிறாரே என்று எனக்குத் தோன்றியது. “மாமா வழுக்கேல்லை அம்மா” என்றேன். “வானக்கப்பலைக் கண்டிட்டு, அத்தான் குதியுங்கோ எண்டு கத்தி, என்னையும் இழுத்துக்கொண்டு குதிச்சவர்.”

அம்மா அடுப்பை அணைத்தார். சோறு பாதி வெந்திருந்தது. என்னைக் குளிக்கப் போகச் சொன்னார். நான் குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“தம்பி, இரு. இவ்வளவு நாளும் நான் கேக்கேல்லை. இப்ப கேக்கிறன். மற்ற வள்ளம் எண்டு ஒண்டு இருந்ததோ?”

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு மாமாவின் குரல், சின்னப் பிள்ளையின் குரல்போல.

“நாங்கள் பிடிச்சிருந்த கான் ரெண்டு பேரைத் தாங்கேல்லை அக்கா. நான் விடச் சொல்லேல்லை. அவர் தானாத்தான் கையை விட்டவர்.”

எங்கள் பல்கனியில் தண்ணீர் பிடித்துவைக்கும் ஒரு நீலப் பிளாஸ்டிக் கான் இருந்தது. அதைத்தான் மாமா உடைத்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு கானுக்கு இப்படியும் அழுவார்களா என்று ஆச்சரியமாக இருந்தது. அம்மா ஏசவும் இல்லை. சோற்றை மறுபடி அடுப்பில் வைத்து, வெந்ததும் மாமாவுக்கு முதலில் போட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தார். அடுத்த நாள் அம்மாவின் நெற்றியில் பொட்டு இல்லை. அவசரத்தில் மறந்துவிட்டார் என்று நான் சாந்துப் போத்தலை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அம்மா அதை வாங்கி என் நெற்றியில் வைத்துவிட்டார். பல்கனிக்குப் போய்ப் பார்த்தேன். நீலக் கான் உடையாமல் அப்படியே இருந்தது.

அப்பிள் மரத்தடியிலிருந்து வெளியே வந்தபோது வானக்கப்பல் ஏரியின் மறுபக்கம் போய்விட்டிருந்தது. நான் இறங்கி நடந்தேன். மறுநாள் காலை படகுத்துறையில் விசாரித்ததில், உல்லாசக் கப்பல் ஒன்றில் கயிறு கட்ட ஆள் வேண்டும் என்றார்கள். நீந்துவாயா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். அங்கிருந்த கிழவர் கையில் அடங்கும் ஓர் எண்ணும் கருவியைத் தந்து, கயிறு சும்மா, இதுதான் உன் வேலை என்றார். புறப்படும்போது எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ண வேண்டும். திரும்பி வந்து இறங்கும்போதும் எண்ண வேண்டும்.