செஞ்சிக் குளத்தில் ஒரு செம்புத் தண்ணீர்

செஞ்சிக் கோட்டை மதிலைத் தாண்டியதும் என்ஜின் கொதித்து பஸ் நின்றுவிடுகிறது. கண்டக்டர் வாளியோடு பக்கத்துக் குளத்துக்குப் போகிறார். நானும் செம்பை எடுத்துக்கொண்டு பின்னால் போகிறேன். இரண்டு வருடமாக மழை இல்லை. ஆனாலும் இங்கே பத்துப் படி இறங்கினால் தண்ணீர் இருக்கிறது. எங்கள் ஊர்க் குளம் காய்ந்து கிடக்கிறது.

குடம் நிரப்பும் ஒரு பெண் இடம் விடுகிறாள்.

“போன வருஷம் இத்த மூடிட்டு கடை கட்டலாம்னாங்கண்ணே. நாங்க உடல. அந்தக் காலத்துல சண்டைக்காரன் வருஷக்கணக்கா கோட்டைய சுத்தி உக்காந்துகினு இருந்தான். உள்ள இருந்த சனம் இந்த மாதிரி குளத்தாலதான் பொழச்சுது. அது தெரிஞ்சும் மூடுவமா?”

“யார் சொன்னது?”

“எங்க மாமியாரு. தண்ணி கொஞ்சம் சிந்துனாலும் இந்தக் கதைய சொல்லித்தான் திட்டும். உங்க ஊரு குளம் யாரு வெட்டுனது?”

“தெரியாது,” என்கிறேன்.

“இன்னாண்ணே, ஊரு பேராவது தெரியுமா?” அவள் சிரிக்கிறாள்.

எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்த்துச் சந்தை கட்டலாம் என்று எழுதிய மனுவில் போன வாரம் நானும் கையெழுத்துப் போட்டேன். நாடு முழுக்கப் புதிதாகக் கட்டுகிறார்கள், நாமும் கட்டுவோம் என்று நினைத்தோம். அந்தக் குளத்தை ஏன் வெட்டினார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இவர்களுக்கு நடந்தது தெரியும். அதனால் நாளைக்கும் தண்ணீர் இருக்கும்.

பஸ் புறப்படத் தயாராகிறது. நான் என் பையை இறக்கிக்கொள்கிறேன். ஊருக்குத் திரும்பும் பஸ் எப்போது வரும் என்று, குடத்தோடு மேலே வரும் அவளிடமே கேட்கிறேன்.