பாட்டிலில் கலந்த கௌரவம்

என் மகனுக்கு ஒரு வாரமாகச் சாப்பாடே இறங்கவில்லை. காரைக்காலில் டாக்டரைப் பார்க்க டோக்கன் வாங்கியபோது, காலைச் சிறுநீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொன்னார் கம்பவுண்டர். மறுநாள் காலையில் பிடித்தபோது அது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

"இத எப்படி அண்ணி நாலு பேரு முன்னாடி நீட்டுறது? மானம் போயிடும்" என்று என் நாத்தனார் பாதியைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் கலந்தாள். மகா கௌரவக் குடும்பம்! நானும் ஒரு மண்ணாந்தை, தலையாட்டினேன்.

பாட்டிலைப் பார்த்து "ஒண்ணுமில்ல" என்ற டாக்டர், எதற்கோ பையனின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். மஞ்சள் காமாலை!

"பாட்டில்ல என்னத்தம்மா கலந்தீங்க?"

நாத்தனார் வளையலை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பையன் பிழைத்தான். இப்போது டாக்டரிடம் போகும்போது நாங்கள் முகத்துக்குப் பவுடர்கூடப் பூசுவதில்லை. மானம் பார்க்கிறவளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறேன்.

- ஒரு வாசகி, விழிதியூர்