கடைசிப் பாடத்திலிருந்து தொடங்கிய ஆண்டு

கணக்குப் புத்தகத்தைப் பின்னாலிருந்து படித்தோம் என்றால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே அந்த ஆண்டு இன்னும் பிடிபடவில்லை.

மீன்பிடி ஊரான தாழ்வுபாட்டில், வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கினால் எங்கள் பக்கத்துக் கடலில் வள்ளம் இறக்க முடியாது. பாதி வீடுகள் வலை, சட்டிபானை, பிள்ளைகள் எல்லாவற்றோடும் வடகரையில் போட்டிருக்கும் மீன்வாடிக் குடிசைகளுக்குப் போய்விடும். காற்று ஓய்ந்த பிறகுதான் திரும்பும். வகுப்பிலும் பாதி வாங்கு காலியாகிவிடும். அந்த மார்கழியில் ஓ.எல். அரசாங்கச் சோதனை எடுக்கும் எங்களுக்குக் கணக்குப் படிப்பிக்க வந்த ரீச்சர் பெருநிலத்து வயற்கிராமத்துக்காரி, தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். வந்த கையோடு இதை விசாரித்தறிந்து, தை மாதமே ஒரு முடிவெடுத்துவிட்டார்.

"எல்லாரும் இருக்கேக்க கஷ்டமானதை முடிப்பம். லேசானதுகளைச் சோளகத்துக்கு வைப்பம். கடைசிப் பாடத்தை எடுங்கோ."

கடைசிப் பாடம் வட்டம். அதற்கு முந்தியவை தெரியாமல் அது எப்படி விளங்கும்? ரீச்சர் ஒரு நிமிடத்தையும் வீணாக்குகிறவர் இல்லை. இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடமாட்டார், நாங்கள் கணக்குச் செய்துகொண்டிருக்கும்போதே கண்ணால் பார்த்து அடையாளம் போட்டுவிடுவார். வேதக் கோயில் கொடியேற்றத்தன்றுகூட, பூசை முடிந்து வெளியே வந்தவர்களை அப்படியே வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பலகை நிறைந்ததும் "விளங்குதே?" என்பார். கோயிலில் மன்றாட்டுக்குப் பதில் சொல்வதுபோல எல்லோரும் ஒரே குரலில் "ஓம் ரீச்சர்" என்போம். வாயை மூடுமுன் அடுத்த கணக்கு தொடங்கிவிடும்.

எனக்குப் பயம் பிடித்தது. அந்தச் சோளகத்துக்கு அம்மா வாடிக்குப் போகாமல் எனக்காகவே ஊரில் நின்றார். அப்பா அங்கே தனியாகப் பொங்கித் தின்றார்.

"கணக்குத் தவறினா அடுத்த சோளகம் நீயும் கருவாடு போட வாறாய். இன்னொருக்கா என்னால நிக்கேலாது" என்று அம்மா சொல்லிவிட்டார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

காலி வாங்குகளுக்கு நடுவே லேசான பாடங்கள் வந்தன. அவை லேசாகத்தான் இருந்தன. ஆனால் தையில் படித்த வட்டத்தோடு அவற்றை எங்கே முடிச்சுப் போடுவது என்று தெரியவில்லை. போனவர்களுக்குப் பாதிதான் தெரியாது, முழுவதும் இருந்து படித்த எனக்கு எல்லாமே குழம்பிக் கிடந்தது.

காற்று ஓய்ந்து எல்லோரும் திரும்பினார்கள். "இனித்தான் எல்லாத்தையும் பொருத்தப்போறம்" என்றார் ரீச்சர். பொருத்துவதற்குள் மாரி பிடித்துக்கொண்டது. எங்கள் காற்றைக் கணக்குப் பார்த்தவர் தன் ஊர் மழையை மறந்துவிட்டார். அங்கே குளம் நிரம்பி வான் பாய்ந்து பாதை மூழ்கி, பஸ் நின்றுவிட்டது. சோதனைக்கு முந்திய கிழமைகளில் ரீச்சர் வரவே இல்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மழைக்கு அவர் என்ன செய்வார் என்றும் தோன்றியது.

கணக்குச் சோதனையன்று காலை மண்டப வாசலில் ரீச்சர் நின்றார். சேலையில் முழங்கால்வரை சேறு. பாதி வழி உழவு மெசினிலும் மீதி வழி நடந்தும் வந்தவராம். என்னைக் கண்டதும் பழைய பழக்கத்தில், "எல்லாம் விளங்கினதுதானே?" என்றார்.

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.

"இல்லை ரீச்சர். வட்டம் ஒண்டுமே விளங்கேல்ல."

"எப்ப இருந்து?"

"தையிலயிருந்து."

 ரீச்சர் அந்த இடத்திலேயே குந்தி, ஈர மணலில் விரலால் ஒரு வட்டம் கீறினார். "எது விளங்கேல்ல, காட்டு" என்றார்.

எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் மணி அடித்தது. மற்றவர்கள் உள்ளே போகத் தொடங்கினார்கள். ரீச்சர் எழும்பவில்லை.

"ஆறுதலாச் சொல்லு பிள்ளை. நேரம் இருக்கு." நான் வட்டத்தின் நடுவில் விரலை வைத்தேன்.

கணக்கில் எனக்குச் சாதாரண சித்தி, தவறவில்லை. அடுத்த சோளகத்துக்கு அம்மா வாடிக்குப் போனார், நான் படிக்க நின்றேன். ஓராண்டு முழுக்க விளங்காதது மணி அடித்த பிறகு எப்படி விளங்கியது என்பது மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.